முப்பத்தேழாம் நம்பர் கண்

14 மார்ச் 2005, திங்கள்

ஒரே சட்டத்தை இன்று மூன்று தடவை அடித்தேன். கரமனை டீச்சர் ஒருவர் கொடுத்த லட்சுமி படம், பதினாறுக்கு இருபது. அடித்துத் தூக்கிப் பார்த்தால் வலது பக்கக் கட்டை நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. பிரித்தேன். இழைப்புளி போட்டேன். மறுபடி அடித்தேன். வயிறு கொஞ்சம் குறைந்தது. இன்னொரு இழைப்பு. மூன்றாவது தடவை லட்சுமி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டாள் என்று பெருமையோடு முதலாளி யூசுப் பாயிடம் நீட்டினேன்.

அவர் கட்டைமேல் ஸ்கேலை வைத்தார். அடியில் ஒரு தீக்குச்சி தாராளமாகப் போய் வருகிற இடைவெளி.

"என்ன வே தளவாய், நேரா கிடந்த கட்டையை எதுக்கு வே இப்படிக் குடைஞ்சு வச்சிருக்கீரு?"

இருபத்தாறு வருஷமாக திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சட்டம் அடிக்கிறேன், கண்ணாடி வெட்டுகிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து டியூப் லைட்டைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் நேராக இருக்கிறது. இடது கண்ணை மூடினால் நடுவில் பிதுங்கி, எலியை விழுங்கின பாம்பு மாதிரி. ஆக, வயிறு கட்டைக்கு இல்லை, என் வலது கண்ணுக்கு. உடம்புக்கு மட்டும்தான் வயிறு போட்டிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

15 மார்ச், செவ்வாய்

செண்பகவல்லியிடம் சொன்னேன். "கட்டின நாள்லருந்து என்னைக் கோணல் கோணல்னு சொன்னீங்களே, இப்பமாவது யாரு கோணல்னு தெரிஞ்சுதா" என்றாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லையாம்.

22 மார்ச், செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. சுஜா துணைக்கு வந்தாள். டிகிரி முடித்துவிட்டுக் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளுக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். படித்த மகள் கூட வந்தால் அப்பன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

சார்ட் வாசிக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். எழுத்து வேண்டாம் என்கிறவர்களுக்கு நம்பர் சார்ட். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உரக்கச் சொல்கிறார்கள். கடைசி வரி ஏழு, நாலு, இரண்டு, ஒன்பது, ஐந்து. எனக்கு ஒரு சீக்கு உண்டு. நம்பர் காதில் விழுந்தால் போதும், ஏதோ படத்தின் அளவு என்று நினைத்து மண்டை அதை எடுத்து வைத்துக்கொள்ளும். கடையில் நான் அளவு எழுதுவதே இல்லை. நாற்பது படத்தின் நீள அகலம் தலைக்குள்ளேயே நிற்கும்.

என் முறை வந்தது. ஜெஸ்லின் என்று ஒரு பெண். சார்ட்டும் அவள்தான், கண்ணைப் படம் எடுக்கிற மிஷினும் அவள்தான். இடது கண்ணைப் பொத்தி, "வாயிச்சோ அங்கிளே" என்றாள். மேலே இரண்டு வரி தெரிந்தது. மூன்றாவது நெளிந்தது. பக்கத்தில் சுஜா நிற்கிறாள். வாய் தானாகக் கடைசி வரிவரை போய்விட்டது.

"கொள்ளாமல்லோ" என்றாள் ஜெஸ்லின். மலையாளத்தில் அது பாராட்டு. சுஜாவுக்கு முகமெல்லாம் நிம்மதி. பணகுடியில் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தோற்றவன், மகள் முன்னால் ஒரு பரீட்சையில் பாஸாகிவிட்டுப் போகட்டுமே.

டாக்டர் பெயர் மீரா. கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். என் மலையாளத்தைக் கேட்டதும் இரக்கப்பட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். கண்ணின் பின்சுவரில் ரெட்டினா இருக்கிறதாம். அதன்மேல் மெல்லிசாக ஒரு படலம் வளர்ந்து சுருங்குகிறதாம்.

"நீங்கோ படத்தை அட்டையில ஒட்டறேள். மேல பூசின வார்னிஷ் காயறச்சே இழுத்துதுன்னா, அடியில படமும் சேர்ந்து சுருங்குமோல்லியோ? அதான் நடந்திண்டிருக்கு."

எந்த வாத்தியாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "அப்ப வார்னிஷை உரிச்சிரலாமே" என்றேன். உரிக்கலாமாம். ஆனால் அது கண்ணுக்குள் கருவியை விடுகிற காரியம். பார்வை நன்றாகக் குறைந்தவர்களுக்குத்தான் செய்வார். வளைவு மட்டும் என்றால் காத்திருப்பார்.

இப்படிப் படலம் வந்த அறுபது பேரை வைத்து அவர் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். மாதாமாதம் கண்ணுக்குள் வெளிச்சத்தை விட்டு ரெட்டினாவைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி படம் எடுக்கிற ஒரு மிஷின். ஓ.சி.டி. என்கிறார்கள். படலம் என்ன செய்கிறது, அதற்கேற்பப் பார்வை என்ன ஆகிறது என்று ஒப்பிட்டு எழுதி வைப்பார். சம்மதமா என்றார். கையெழுத்துப் போட்டேன். நான் முப்பத்தேழாம் நம்பர்.

மிஷின் கதையைச் சொல்லவே வேண்டாம். தாடையை ஒரு கிண்ணத்தில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டி, உள்ளே தெரிகிற பச்சைப் புள்ளியை அசையாமல் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது? கோளாறே நடுவில்தான். நேராகப் பார்த்தால் புள்ளி கரைகிறது, கரைந்ததைத் தேடிக் கண் ஓடுகிறது.

"அங்கிளே, கண்ணு அனக்கருது கேட்டோ."

"அசைக்கலியே."

"அனங்கி."

ஒவ்வொரு படத்துக்கும் மிஷினே பத்துக்கு மார்க் போடுகிறது. குறைந்தது ஆறு வேண்டும். எனக்கு மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. எட்டுத் தடவை எடுத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள். பாஸான சந்தோஷம் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. சொட்டு மருந்து விட்ட கண்ணோடு கிழக்கேகோட்டையில் பஸ் எல்லாம் வெள்ளைப் பூதமாக வருகிறது. சுஜா கையைப் பிடித்துக் கடத்திவிட்டாள்.

19 ஏப்ரல், செவ்வாய்

இன்று மார்க் ஏழு. ஆணி அடிக்கும்போது சுத்தியலைப் பார்க்காமல் ஆணித்தலையைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தேன். ஆறாவது தடவையில் விழுந்தது.

படத்தைக் காட்டினார்கள். கறுப்புத் தாளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அடுக்கு அடுக்காக, அல்வாவைக் கத்தியால் வெட்டி நிறுத்தின மாதிரி. நல்ல கண்ணில் நடுவே ஒரு குழி இருக்குமாம். அந்தக் குழியில்தான் கூர்மையான பார்வை. எனக்குக் குழி மேடாகிவிட்டது. மேலே சிவப்பு நூல் ஒன்று ஓடுகிறது. அதுதான் படலம். இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி இருக்கிறது. நடுவில் கனம் முன்னூற்று எண்பது மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் வருவது ஒரு மைக்ரான். இருநூறு சொச்சம் இருந்தால் போதுமாம்.

"அப்ப எடுத்திரலாமா டாக்டர்?"

"அவசரமே இல்லை. சார்ட்ல கடைசி வரி படிக்கறேளே. இவ்ளோ நன்னா பார்க்கற கண்ணுல கை வைக்கப்படாது."

நன்றாகப் பார்க்கிறேனாம். இன்றும் ஏழு, நாலு, இரண்டு என்று ஒப்பித்துத் தொலைத்தேன். ஒரு தடவை பாஸாகிவிட்டு அடுத்த தடவை ஃபெயிலாக மனசு வரவில்லை.

2 மே, திங்கள்

வலது கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி வெட்டினால் வளைவு இல்லை. ஆனால் ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடவில்லை. கட்டர் ஸ்கேலின் மேல் ஏறிப் போகிறது. ஒரு கல்யாண போட்டோவுக்கு மூன்று கண்ணாடி உடைத்தேன். கல்யாண போட்டோவுக்குக் கண்ணாடி உடைந்தால் சொல்கிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். நல்லவேளை, பொண்ணு வீட்டார் பக்கத்தில் இல்லை.

யூசுப் பாய் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கொஞ்ச நாளைக்கு கவுண்டர்ல இரும் வே. கையை வெட்டிக்கிட்டு வந்து நின்னீர்னா உம்ம வீட்டுக்காரிக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார்.

என் பெஞ்சுக்கு ஷிபு என்று ஒருத்தன் வந்திருக்கிறான். பாறசாலைக்காரன். நல்ல வேலைக்காரன். அதுதான் வயிற்றெரிச்சல்.

9 மே

கவுண்டரில் நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு. உட்கார்ந்த இடத்திலேயே கிழடாகிக்கொண்டிருக்கிறேன்.

17 மே, செவ்வாய்

கனம் நானூற்று இருபத்தொன்று.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தளவாய், படம் மோசமாயிண்டே போறது. பார்வை இம்மியும் குறையலை. அறுபது பேர்ல உங்களுக்கு மட்டும்தான் இப்படி. ரொம்ப அபூர்வம். இதைத் தனியா ஒரு கட்டுரையா எழுதலாம்னு பார்க்கறேன்."

முதலில் மார்பு விரிந்தது, உண்மையைச் சொல்லத்தானே இந்த நோட்டு. அபூர்வமானவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. மணக்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். என்னத்தை எழுதப் போகிறார்? கண் கெட்டாலும் பார்வை கெடாத மனுஷன் ஒருத்தன் திருவனந்தபுரத்தில் இருக்கிறான் என்றா? அதை எங்கேயோ ஒரு டாக்டர் படித்துவிட்டு, "பொறுக்கலாம், அவசரமில்லை" என்று இன்னொருத்தனை உட்கார வைத்தால்?

அந்த இன்னொருத்தன் இருக்கட்டும். இங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறவன் நான்தானே. என்னை உட்கார வைத்ததும் நான்தான்.

18 மே, புதன்

காலையில் செண்பகவல்லியைக் காலண்டரைப் பிடிக்கச் சொல்லி இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். எந்த மாதம் என்று சொல்லாதே என்றேன். பெரிய எழுத்து தெரிந்தது. தேதிக் கட்டங்கள் எறும்பு ஊர்கிற மாதிரி. ஒன்றும் முடியவில்லை.

"நல்லா தெரியுதுன்னு டாக்டரம்மா சொன்னதா சொன்னீங்க?"

"அவங்க சார்ட்டு வேற மாதிரி."

"என்ன மாதிரி?"

கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். ஒன்பது மணிக் கடைக்கு எட்டு மணிக்கே போய்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

14 ஜூன், செவ்வாய்

எப்படியாவது இன்று ஃபெயிலாகிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். சுஜாவுக்கு ஏதோ இண்டர்வியூ. தனியாகத்தான் போனேன், வசதி.

வலது கண். மூன்றாவது வரியில் நிறுத்தினேன். "தெரியலை" என்றேன். ஜெஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாடா என்று இருந்தது. அந்த வேகத்தில், அவள் வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணுக்கு வந்ததைக் கவனிக்காமல், அதற்கும் மூன்றாவது வரியில் "தெரியலை" என்று சொல்லித் தொலைத்தேன். நல்ல கண்ணையும் கெடுத்தாயிற்று. மாற்றிச் சொல்ல வாய் எடுப்பதற்குள் எழுதிவிட்டாள்.

அப்புறம் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. ஒரே மாதத்தில் இரண்டு கண்ணும் ஒன்றாக இறங்கினால் காரணம் கண்ணில் இல்லையாம், மண்டைக்குள் இருக்கலாமாம். டாக்டர் மீரா முகம் மாறிவிட்டது. ஒரு அரைக்கோளத்துக்குள் தலையை விட்டு, புள்ளி மினுக்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கண் பிரஷர் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மூளை நரம்பு டாக்டருக்கு ஒரு சீட்டு. ஜெஸ்லின் சாப்பிடப் போகாமல் என்னோடு அறை அறையாக வந்தாள். "பேடிக்கேண்டா அங்கிளே" என்று தோளைத் தட்டினாள். பயப்பட வேண்டாமாம். எனக்கு என்ன பயம், பொய் சொன்ன பயத்தைத் தவிர.

படம்: நானூற்று ஐம்பத்தைந்து.

15 ஜூன், புதன்

மூளை டாக்டர் சீட்டைச் சட்டைப்பையில் சுஜா பார்த்துவிட்டாள். வாசித்துவிட்டு, மூளை டாக்டர் எதற்கு என்று கேட்டாள். இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, திரை, நம்பர், இடது கண், எல்லாம்.

"இங்க சுவரைப் பார்த்து அந்தக் கடைசி லைனைச் சொல்லுங்க அப்பா."

சொன்னேன்.

"அதுக்கு முந்தின லைன்?"

அதையும் சொன்னேன். வெறும் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த இடம்தான் இருக்கிறது.

"எந்தினப்பா?" என்றாள், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. அவள் வீட்டில் மலையாளத்தில் கேட்டால் நிஜமாகவே கலங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

"நீ பக்கத்துல நின்னே."

"நான் நின்னது நீங்க விழுந்திரக் கூடாதேன்னு. மார்க் போடவா நின்னேன்?"

உள்ளேயிருந்து செண்பகவல்லி, "ரெண்டு தடவை தோத்துட்டுத்தான் என்னைப் பொண்ணு பார்க்க வந்தாரு. நான் சர்டிபிகேட்டா கேட்டேன்?" என்றாள். அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அவர்களும் கேட்கவில்லை.

16 ஜூன், வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. "கட்டுரைக்கு முதல் பக்கம் எழுதியே வெச்சுட்டேன், தளவாய்" என்றார். அதற்குமேல் என்னத்தைத் திட்ட வேண்டும்.

பிறகு ஜெஸ்லினைக் கூப்பிட்டு வேறு அட்டை எடுத்துவரச் சொன்னார். நம்பரும் இல்லை, எழுத்தும் இல்லை. மூன்று காலுள்ள ஒரு கோலம்; கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். ஜெஸ்லின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். "இது காணாப்பாடம் படிக்கான் பற்றுல்லா அங்கிளே" என்றாள். இதை மனப்பாடம் செய்ய முடியாதாம். முகம் கடுகடுவென்று இருந்தது. நேற்று முன்தினம் அவள் சாப்பிடாமல் அலைந்தவள்.

வலது கண்ணுக்கு இரண்டு வரி. அவ்வளவுதான் என் உண்மையான மார்க்.

டாக்டர் என் ஃபைலை எடுத்து நாலு மாதத்தின் சார்ட் கணக்கையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். "நீங்கோ சொன்னது ஒண்ணும் நிக்காது. படம் மட்டும் நிக்கும். அதுக்கு உங்க வாய் வேண்டியதில்லை பாருங்கோ."

படலத்தை உரிக்க நாள் குறித்துவிட்டார்கள். ஜூலை பதின்மூன்று.

"சரியாயிரும்ல டாக்டர்?"

"மார்ச்ல கேட்டிருந்தேள்னா தைரியமா ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்ப, கொஞ்சம் திரும்பும்னு மட்டும் சொல்றேன்."

கதவுவரை வந்துவிட்டேன். திரும்பிப் போய், ஆராய்ச்சியிலிருந்து என்னைத் தள்ளிவிடுவீர்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் தலை நிமிராமல், "முப்பத்தேழு இருக்கட்டும்" என்றார்.

15 ஜூலை, வெள்ளி

இடது கண்ணால் எழுதுகிறேன். வரி மேலே ஏறினால் மன்னிக்கவும், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை. உள்ளே விளக்கு ஒன்று நகர்கிறது, நிழலாக ஒரு சின்ன இடுக்கி வருகிறது. என் கண்ணுக்குள்ளேயே அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். "வந்துடுத்து, முழுசா வந்துடுத்து" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னது கேட்டது. படத்திலிருந்து பழைய டேப்பை உரிக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் முணுமுணுப்பேன்.

5 ஆகஸ்ட், வெள்ளி

டியூப் லைட் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. வார்னிஷ் போன பிறகும் தாள் சுருக்கம் உடனே போகாதாம், பொறுக்கணுமாம். பொறு, பொறு, பொறு. இந்த வார்த்தையைக் கேட்டாலே எதையாவது உடைக்கத் தோன்றுகிறது. கவுண்டரில் உடைக்கவும் ஒன்றும் இல்லை.

20 செப்டம்பர், செவ்வாய்

ஒரு வரி ஏறியது. செண்பகவல்லி பாயசம் வைத்தாள். ஒரு வரிக்குப் பாயசமா என்றேன். குடித்தேன்.

22 நவம்பர், செவ்வாய்

கால் காட்டுகிற அட்டையில் நாலாவது வரி. படம் இருநூற்றுத் தொண்ணூறு. சிவப்பு நூலைக் காணோம். நடுவில் குழி மாதிரி ஒன்று, லேசாகக் கட்டைவிரல் அமுக்கின அளவு.

"இனிமே இதுக்கு மேல பெரிசா எதிர்பார்க்கப்படாது" என்றார் டாக்டர் மீரா. சின்ன வளைவு ஒன்று தங்கிவிடுமாம். மார்ச்சிலேயே செய்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜெஸ்லின் மட்டும் மிஷினுக்குப் பின்னாலிருந்து, "இந்நு சத்யம் பறஞ்ஞு அல்லே?" என்றாள். உண்மைதான் சொன்னேன் என்று தலையில் கை வைத்துக் காட்டினேன்.

சாயங்காலம் கடையில் யூசுப் பாய் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கண்ணாடி வெட்டு ஷிபுவுக்கு. சட்டம் அடிப்பதும் ஒட்டுவதும் எனக்கு. "வெட்டுக்கு ஆள் கிடைக்கும் வே, ஒட்டுக்கு உம்மை மாதிரி கிடைக்காது" என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று தெரியும். ஆறு மாதம் கழித்து நாற்காலியை விட்டு எழுந்து பெஞ்சுக்குப் போனேன். கட்டரை ஷிபு தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அதற்கு இரண்டு கண்ணும் ஒத்துழைத்தது.

8 டிசம்பர், வியாழன்

டாக்டர் மீரா பிரேம் போட ஒரு படம் அனுப்பியிருக்கிறார், அவர்கள் வராந்தாவில் மாட்டுவதற்கு. என் கண்தான். மேலே ஜூனில் எடுத்தது, கீழே நவம்பரில் எடுத்தது. பெயர் இல்லை, ஓரத்தில் 37 என்று மட்டும். ஷிபு கண்ணாடி வெட்டிக் கொடுத்தான், நான் சட்டம் அடித்தேன். யூசுப் பாய் ஸ்கேலை எடுக்காமலே பில் போட்டார்.

காய்வதற்காகக் கவுண்டர் மேல் முருகனுக்கும் மாதாவுக்கும் நடுவில் சாய்த்து வைத்திருந்தேன். சாமி படம் வாங்க வந்த ஒரு பென்ஷன்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஏது மலையா? பொன்முடியோ?"

"இல்லை சாரே. போனக்காடு பக்கம்."

"நல்ல கலர்." குனிந்து கீழ்ப்படத்தைப் பார்த்தார். "நடுவிலே அந்தக் குழிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் வேணமாயிருந்நு. அப்பத்தான் அழகு."

"எனக்கும் அதே ஆசைதான் சாரே" என்றேன். "இவ்வளவுதான் கிடைச்சுது."